பெயர் தெரியக்கூடாத கதை

மிடில் ஸ்கூலோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசக் கூசுவேன். அடுத்தவர் எழுதியதை வாசிக்கச் சொன்னால் மட்டும் குரல் வரும். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு அச்சாபீஸில், பிழை திருத்துகிறவருக்கு மூலப்படியை உரக்க வாசிப்பது என் வேலை. ஒரு வருஷம் லண்டனில் ஒரு சங்கத்தார், பல தேசத்துக் கதைகளில் சிறந்ததற்குப் பரிசு என்று விளம்பரம் செய்தார்கள். அவரவர் பாஷையில் எழுதலாம். கதையில் பெயர் இருக்கக் கூடாது; ஒரு அடையாளம் போட்டு, பெயரைத் தனி உறையில் அரக்கு வைத்து ஒட்டி அனுப்ப வேண்டும். தமிழில் வந்தவற்றில் ஒன்றை இங்கே மூன்று பேர் பொறுக்குவார்கள். அது இங்கிலீஷாகி லண்டன் போய், பர்மாக் கதை, ஆப்பிரிக்கக் கதைகளோடு போட்டியில் நிற்கும். ஜெயித்தால் புத்தகமாகும். எழுதினவர் யாரென்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் தள்ளுபடி.

பொறுக்க உட்கார்ந்தவர்கள் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார், ஒரு ஹெட்மாஸ்டர், ஒரு வக்கீல். பாதிரியாருக்குத் தமிழ் காதில் ஏறும், கையெழுத்தைப் படிக்க வராது. அதனால் வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். அந்தக் கதைக் கட்டுக்குள் என் கதையும் இருந்தது. வாசிக்கிறவன் எழுதக்கூடாது என்று விதியில் இல்லை.

தாமிரபரணி வெள்ளத்தில் போன என் மகளைப் பற்றிய கதை. அவளைப் படம் பிடித்து வைக்கிற வசதி எங்களுக்கு ஏது? புத்தகத்திலாவது அவள் இருக்கட்டும் என்றாள் என் மனைவி. அவளுக்கு எழுத்து தெரியாது. எத்தனையோ தடவை அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

ஒரு மத்தியானம் அந்தக் கதை கைக்கு வந்தது. வாசிக்கத் தொடங்கினேன்.

“பிள்ளை சாகதுக்கு இம்புட்டு இழுவையா? அதுக்குள்ள ஆறே வத்திரும்வே” என்றார் ஹெட்மாஸ்டர். வக்கீல் வயிறு குலுங்கச் சிரித்தார்.

பாதிரியார் மட்டும் கண்ணை மூடியபடி, “இது நன்றாயிருக்கிறது. வாசியும்” என்றார்.

அந்த ஒரு சொல்லில் நான் என்னை மறந்துவிட்டேன்.

“நில்லும்வே” என்றார் வக்கீல். “தாளைத் திருப்பாமலே போறீரே, எப்படி? மத்தவன் கதையில வரிக்கு வரி தடுக்கி விழுந்தீரு. இதை மட்டும் பாராம ஒப்பிக்கீரு!”

நான் அவசரமாகத் தாளைத் திருப்பினேன். அதுவே போதுமாக இருந்தது.

“ஐயா, கதாசிரியர் இங்கனயே நிக்காரு! கும்பிட்டுக்கிடுங்க!” என்றார் வக்கீல், பாதிரியாரிடம்.

பாதிரியார் கண்ணைத் திறந்தார். “தெரிந்துவிட்டதே” என்று வருத்தமாகச் சொல்லி, முதல் தாளில் சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டார்.

நான் தாள்களை அடுக்கிக் கட்டப் போனேன்.

“அதை ஏன்வே கட்டுதீரு?” என்றார் ஹெட்மாஸ்டர். “காப்பி வர நேரமாகும். பொணம் கிடைச்சுதா இல்லையான்னு தெரிய வேண்டாமா? பைய வாசியும்.”

வாசித்தேன். உடல் கிடைக்கவில்லை என்ற இடத்தில் காப்பி வந்தது. போதும் என்று கையைக் காட்டினார்கள்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போய், மிச்சமிருந்த கதைகளை வாசித்தேன். அவற்றில் ஒன்றை லண்டனுக்கு எடுத்துவைத்தார்கள்.