கழித்த சத்தம் எங்கே?

இன்று காலை மீன்கார அண்ணாச்சி ஒருவர் மனைவியோடு என் ஸ்டுடியோவுக்கு வந்தார். அவர்களுடைய வண்டி ஸ்பீக்கருக்காக நேற்றுதான் இருவர் குரலையும் பதிந்து பென்டிரைவில் கொடுத்திருந்தேன்.

"ஸ்பீக்கர் பாடவே இல்ல, தம்பி," என்றார் அண்ணாச்சி.

தப்பு என்னுடையது. கொடுத்தது வேவ் ஃபைல். அந்த ஸ்பீக்கருக்கு எம்பி3 மட்டும்தான் தெரியும். மாற்றினேன்.

அண்ணாச்சியின் கண் ஃபைல் அளவில் விழுந்தது.

"முப்பதுன்னு காட்டுனது இப்ப மூணுன்னு காட்டுது. மிச்சம் எங்கன?"

"பெரிய சத்தத்துக்கு அடியில கெடக்குத சின்னச் சத்தம் காதுக்குத் தெரியாதுல்லா அண்ணாச்சி, அதையெல்லாம் எம்பி3 கழிச்சிரும். நீங்க மீன் வெட்டுத மாதிரி."

"நாங்க வெட்டுனா தலையையும் பையில போட்டுத்தானே குடுக்கோம்? கழிச்சதத் தனியாத் தா."

அது திரும்பக் கிடைக்காது என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. ஃபைலைப் போட்டுக் காட்டினேன். "சாளை, ஊளி, நெத்திலி!" என்று அவர் மனைவி, அந்த அக்காவின் குரல் கணீரென்று வந்தது. அண்ணாச்சியின் "வாங்க, வாங்க" எங்கோ அடியில் முனகியது.

"பாத்தியா, என் சத்தத்தத்தான் கழிச்சிருக்க!"

சுருக்குப்பையில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த அக்கா நிமிரவே இல்லை. "இவுக சத்தம் எனக்கு எந்த ஃபைல்லயும் கேட்டதில்ல, தம்பி."

மதியம் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மிக்சியை நிறுத்திவிட்டு மனைவி கேட்டாள்: "என்னமும் சொன்னீகளா?"

உங்கள் வீட்டில் யாருடைய சத்தம் மிஞ்சுகிறது?