ஐந்தாம் நம்பர் கம்ப்யூட்டர்

வயிற்றெரிச்சல் என்பதைச் சும்மா பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என்னைவிட இரண்டு வருடம் பிந்தி ஆராய்ச்சிக்குச் சேர்ந்த ஒரு பெண் எழுதிக்கொடுத்த நாலு பக்கத்தை எங்கள் கைடு என் கண்முன்னால் இரண்டாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தபோது, எனக்குத் தொப்புளுக்கு மேலே நிஜமாகவே எரிந்தது. மதியம் சாப்பிட்ட எலுமிச்சம் சாதத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. திருநெல்வேலிக்கு வெளியே ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் துறையில் ஆய்வு மாணவர்கள் நாங்கள் இரண்டே பேர். கைடு ஒருவர், லேப் ஒன்று, ஒரே கேபிளில் கோத்த எட்டு கம்ப்யூட்டர்கள். ஆராய்ச்சியும் கிட்டத்தட்ட ஒன்றே. பல கம்ப்யூட்டர்களில் ஓடும் சின்னச் சின்ன நிரல்கள் தங்களுக்குள் ஒத்துப்போய் ஒரு வேலையை முடிக்க வேண்டும். தாமாக முடிவெடுக்கும் அந்த நிரல்களுக்கு ஏஜென்ட் என்று பெயர். சோதனைக்கு ஊரில் ஓடும் டவுன் பஸ்களையே எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு பஸ்ஸும் ஓர் ஏஜென்ட், ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு நிறுத்தம். மூன்று பஸ் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வருவதும், அப்புறம் அரை மணி நேரம் ஒன்றுமே வராமல் இருப்பதும் நடக்கக்கூடாது. அதைச் செய்துகாட்டினால் போதும்.

நான் ஒரு டைம் கீப்பரை வைத்தேன். பஸ் ஸ்டாண்டு அறையில் விசிலோடு உட்கார்ந்திருப்பவரைப் போல ஒரு நிரல். எல்லா பஸ்ஸும் எங்கே இருக்கிறோம் என்று அதற்குச் சொல்லும், அது கிளம்பு என்றால் கிளம்பும். இரண்டு வருடம் அதற்குச் சமன்பாடு எழுதினேன். பஸ்கள் கூடக்கூட டைம் கீப்பருக்குத் தகவல் குவிந்து, பதில் வராமல் அத்தனை பஸ்ஸும் நின்ற இடத்திலேயே நின்றன. உதவிக்கு இன்னொரு டைம் கீப்பரைப் போட்டேன். இரண்டும் ஒரே பஸ்ஸை இரண்டு திசைக்கு அனுப்பின.

அவள் டைம் கீப்பரையே தூக்கிவிட்டாள். பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், டிரைவருக்குப் பின்சீட்டில் உட்காருவாள். நிறுத்தத்தில் கூட்டம் குறைவாக இருந்தால் முன்னால் போன பஸ் இப்போதுதான் போயிருக்கிறது என்று டிரைவர் வண்டியை மெதுவாக விடுகிறார். கூட்டம் நெரிந்தால் வேகமாக ஏற்றிக்கொண்டு பறக்கிறார். யாரும் யாருக்கும் தகவல் சொல்வதில்லை. நிறுத்தத்தில் நிற்கும் சனமே தகவல். அவளுடைய நாலு பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்.

கைடு காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீரும் இந்த ஊருக்காரர்தானவே. இது ஒமக்குத் தோணலியா?" என்றார்.

எப்படித் தோன்றும்? எங்கள் வீடு திருநெல்வேலி டவுன் ரதவீதியில், அப்பாவின் ஜவுளிக்கடைக்கு மாடியில். கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போய் ஸ்கூட்டரில் வருகிறவன் நான். மறுநாள் ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு டவுனிலிருந்து ஜங்ஷனுக்கு பஸ் ஏறி, டிரைவரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே போனேன். ஒரு நிறுத்தத்தில் நாலே பேர் நின்றார்கள். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கண்டக்டரிடம், "முன்னால உள்ளவன் இப்பந்தான் போயிருக்கான், பைய போவோம்" என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இரண்டு வருடம் என் வீட்டு வாசலிலேயே ஓடிய விஷயம் அது.

அன்றிலிருந்து அவள் செய்வதெல்லாம் எனக்கு ஆகாமல் போயிற்று. அவள் மல்லிகைப்பூ வாசனை, டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தம், என்னை அவள் "அண்ணாச்சி" என்று கூப்பிடுவது எல்லாமே. ஜவுளிக்கடைக்காரர் மகன் என்பதால் கேலியாக ஆரம்பித்த பெயர் அது. முன்பெல்லாம் பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருவதாகக் கடிதம் வந்தது. எங்கள் இரண்டு பேரின் வேலையையும் பார்ப்பார், ஒருவரைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு வருடத்துக்கு எடுத்துக்கொள்வார். ஒருவரை மட்டும். எனக்கு அது கிடைக்காவிட்டால் கடையில் துணி கிழிக்கும் வேலைதான் என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். அவளுக்குக் கிடைக்காவிட்டால் என்ன என்று நான் கேட்டதில்லை. கேட்கவும் விரும்பவில்லை.

எட்டில் ஐந்தாம் நம்பர் கம்ப்யூட்டர் என் பொறுப்பில் இருந்தது. சூடேறினால் முக்கால் மணி நேரத்தில் திரை அப்படியே உறைந்துவிடும். மூடியைக் கழற்றிவைத்து, பக்கத்தில் டேபிள் ஃபேன் போட்டுத்தான் ஓட்டுவேன். என் சோதனைக்கு நாலு கம்ப்யூட்டர் போதும், ஐந்தாம் நம்பரைத் தொடவே வேண்டாம். அவளுக்கோ எட்டும் வேண்டும்.

பேராசிரியர் வருவது திங்கட்கிழமை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை நான் ஐந்தாம் நம்பரின் மூடியை மாட்டி ஸ்குரூ முடுக்கினேன். ஃபேனை எடுத்துக் கைடு அறையில் வைத்தேன். வெளியாள் வரும்போது லேப் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டு வந்து கேட்டாள், "அண்ணாச்சி, அஞ்சாம் நம்பர் இப்பம் நிக்காம ஓடுதா?"

"உள்ள ஒரு கார்டை மாத்தியாச்சு. நல்லா ஓடுது" என்றேன். அவள் நன்றி சொன்னாள். எந்தக் கார்டையும் நான் மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பிள்ளைக்குக் காது குத்துவதற்காகக் குடும்பத்தோடு திருச்செந்தூர் போனோம். வரிசையில் நசுங்கி, வியர்த்து, சன்னிதி முன்னால் போய் நின்றபோது என்ன கேட்பது என்று ஒரு நொடி தடுமாறினேன். எனக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்க நினைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. எனக்குக் கிடைக்காவிட்டாலும் போகட்டும், அவளுக்குக் கிடைக்கக்கூடாது. முருகனிடம் இதையெல்லாமா கேட்பது என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

திங்கள் காலை பேராசிரியருக்குக் கைடு காப்பி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். லேப் வாசலில் அவள் என்னை நிறுத்தினாள். கண் சிவந்திருந்தது. சரியாகத் தூங்கவில்லை போலிருந்தது.

"அண்ணாச்சி, அஞ்சாம் நம்பர் சரியாத்தான இருக்கு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஃபேன் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. "சரியாத்தான் இருக்கு" என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "சரி" என்று உள்ளே போனாள்.

முதலில் என்னுடையது. நாலு கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடியது. பேராசிரியர், பஸ்ஸை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை.

அப்புறம் அவளுடையது. எட்டுத் திரையிலும் பஸ்கள் ஊர்ந்தன. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாற்பது நிமிடம் தாண்டியதும் ஐந்தாம் நம்பர் நின்றது. எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் மற்ற ஏழும் நிற்கவில்லை. ஐந்தாம் நிறுத்தத்துக்குப் போக வேண்டிய பஸ், அங்கே கூட்டம் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதைத் தாண்டி ஆறாம் நிறுத்தத்துக்குப் போயிற்று. போகிற வழியில் பின்னால் வருகிற பஸ்களுக்கு ஒரு குறியும் போட்டுவிட்டுப் போனது. செத்த திரையில் மாட்டிய ஒரு பஸ் மட்டும் தொலைந்தது. மிச்சமெல்லாம் இடைவெளி பிசகாமல் சுற்றிக்கொண்டிருந்தன. பேராசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இதை வேண்டுமென்றே செய்துகாட்டினாயா என்று கேட்டார். அந்த மெஷின் நடுவில் நிற்கும் என்று தெரியும், அதனால்தான் அதைச் சேர்த்துக்கொண்டேன் என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த இடம் அவளுக்குத்தான் என்பது சாயங்காலமே தெரிந்துவிட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நான் வாசலில் நின்றிருந்தேன்.

"நேத்து வந்து ஓட்டிப் பாத்தேன் அண்ணாச்சி. மூணு தடவை நின்னுச்சு. ராத்திரி வீட்டுல உக்காந்துதான் மாத்தி எழுதினேன்."

"பெறகு எதுக்குக் காலையில என்கிட்ட கேட்டீங்க?"

"நீங்க சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அவளுடைய பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

இரண்டு வருடம் கழித்துப் பெங்களூரிலிருந்து அவளுடைய ஆய்வேட்டின் ஒரு பிரதி துறைக்கு வந்தது. பகலில் அப்பாவின் கடை, சாயங்காலம் லேப் என்று நான் இன்னும் அங்கேயேதான் இருந்தேன். முன்பக்கத்து நன்றியில் என் பெயர் இருக்குமோ என்று பயந்துகொண்டே திறந்தேன். இல்லை. நாலாம் அத்தியாயத்தில் ஒரு விதி இருந்தது. தான் நலமாக இருப்பதாக ஓர் ஏஜென்ட் சொல்வதை நம்பி எதையும் அமைக்கக்கூடாது. இரண்டாம் முறை கேட்டாலும் அது அதையே சொல்லும். அதன் காரணத்தை ஆராய வேண்டியதில்லை, அதைத் தாண்டிப் போக வழி இருந்தால் போதும்.

லேபில் வேறு யாரும் இல்லை. அந்தப் பத்தியை மூன்று தடவை வாசித்தேன். வெட்கப்பட்டேன், அது உண்மை. ஆனால் முதலில் வந்தது வெட்கம் இல்லை. தொப்புளுக்கு மேலே அதே எரிச்சல். அந்த விதி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை, அதையும் அவளே எழுதிவிட்டாள்.