ஏற்புரை கடைசியில்தான்

படிக்காத புத்தகத்தை நான் யாருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன். கடை திறந்த நாளிலிருந்து இது ஒன்றுதான் என் சட்டம். கோவில்பட்டியில் புத்தகக் கடை வைத்திருக்கிறேன் என்று சொன்னால், நோட்டும் கைடும் விற்கிற கடை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். என் கடையில் கதை, கட்டுரை, சமையல், சரித்திரம் எல்லாம் உண்டு, கைடு மட்டும் கிடையாது. அலமாரித் தட்டு ஒவ்வொன்றிலும் சின்ன அட்டையில் என் கையெழுத்தில் எழுதி வைத்திருப்பேன். "முதல் நாற்பது பக்கம் இழுக்கும், பொறுத்துக்கிடுங்க, அப்புறம் கீழே வைக்க மாட்டீங்க." "மாமியாரோட சண்டை போட்ட அன்னைக்கு மட்டும் இதைத் தொடாதீங்க." சிலர் அட்டையைப் படித்துச் சிரித்துவிட்டு, புத்தகத்தை வாங்காமலே போவார்கள். எரிச்சலாகத்தான் வரும். அதைவிட எரிச்சல், "கிஃப்ட் குடுக்கணும், பார்க்கக் கனமா ஒண்ணு குடுங்க" என்று வருகிறவர்கள்.

"யாருக்கு, என்ன வயசு, எதைப் பத்திப் பேசினா அவியளுக்குப் பிடிக்கும்?" என்று கேட்பேன்.

"அதெல்லாம் எதுக்கும்மா" என்பார்கள்.

கனமாக வேண்டும் என்றால் அம்மிக்கல்லை வாங்கிக் குடுங்க என்று வாய்வரை வரும். சில நாள் வாயைத் தாண்டியும் வந்திருக்கிறது.

ஒருத்தி மட்டும் அப்படி வந்தவள் இல்லை. பசுவந்தனைப் பக்கத்து ஊர்க்காரி. மானாவாரி விவசாயம், புருஷன் லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். உரக்கடைக்கோ மருந்துக்கடைக்கோ வருகிற சனிக்கிழமைகளில் என் கடைக்குள்ளும் நுழைவாள். முதல் தடவை அவள் கேட்டதே எனக்குப் பிடித்துப் போனது.

"அக்கா, எங்கள மாதிரி ஆள்க பேசுத மாதிரியே எழுதுன புஸ்தகம் இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் வந்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பொம்பள கடைசியில அழுதுருக்க மாட்டாக்கா" என்று சண்டைக்கு நின்றாள். அப்படிச் சண்டை போட்டே நாலைந்து வருஷம் ஓடிவிட்டது. ஒரு சனிக்கிழமை மஞ்சப்பையிலிருந்து கத்தைத் தாளை எடுத்து என் மேசையில் வைத்து, "நானும் எழுதியிருக்கேன்க்கா" என்றாள். வைத்த கையை எடுக்கவே இல்லை. நான்தான் பிடுங்கினேன்.

முதல் கதையைக் கடையிலேயே படித்தேன். ஒரு வருஷம் முதல் விதைப்பு மழையில்லாமல் கருகிப்போகிறது. புருஷனை இழந்த ஒருத்தி, மறு விதைப்புக்கு யாரிடமும் போய்க் கை நீட்ட மனசில்லாமல், வீட்டில் சமைக்க வைத்திருந்த பாசிப்பயறு அத்தனையையும் கொண்டு போய் நிலத்தில் போட்டுவிடுகிறாள். பசியோடு கேட்கிற பிள்ளைகளிடம், எலி தின்றுவிட்டது என்கிறாள். அவ்வளவுதான் கதை. படித்து முடிக்கிற வரைக்கும் வாடிக்கையாளர் ஒருவர் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார், போகட்டும்.

"யாருட்டி இந்தப் பொம்பள?" என்று கேட்டேன்.

"எங்கம்மா."

திருநெல்வேலியில் ஒரு சின்னப் பதிப்பகம் அந்தக் கதைகளைப் புத்தகமாகப் போட்டது. வெளியீட்டுக் கூட்டம் நடத்துவது என் பொறுப்பு என்றேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுக்கா. அந்த முதல் கதையை நான் மைக்குல வாசிக்கணும், அவ கேக்கணும்."

"வீட்டிலேயே வாசிச்சுக் காட்டலாமே?"

"வீட்டுல கூச்சமா இருக்கு. அவளும் உக்காந்து கேக்க மாட்டா, மாட்டுக்குத் தண்ணி வச்சியான்னுதான் கேப்பா. சபையில நாலு பேருக்கு முன்னாடின்னா பேசாம இருந்து கேப்பா. எட்டரைக்குக் கடைசி பஸ். அதுக்குள்ள வாசிச்சிட்டா போதும்."

இவ்வளவுதான். ஒரு கதை. மெதுவாக வாசித்தாலும் கால் மணி நேரம் ஆகாது.

என் கடையில் இருபது பேர் உட்கார்ந்தால் அலமாரி சாயும். அதனால் பஜாரில் இருக்கிற வியாபாரிகள் மண்டபத்தைக் கேட்டேன். மண்டபத்துச் செயலாளர் நல்ல மனுஷர்தான், வாடகையே வேண்டாம் என்றார். "அழைப்பிதழ மட்டும் நான் பார்த்துக்கிடுதேன்" என்றார். வந்த அழைப்பிதழைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, தொடக்கவுரை, வெளியிடுபவர், பெற்றுக்கொள்பவர், வாழ்த்துரை என்று வரிசையாக ஆம்பிளைகள் பெயர். தலைமை தாங்குகிற தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிக்குப் போட்டோவே போட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்து அடியில், நன்றியுரைக்கு மேலே, பொடி எழுத்தில் ஏற்புரை என்று அவள் பெயர்.

நேரே செயலாளரிடம் போனேன். "அண்ணாச்சி, அவ முதல்ல பேசட்டும். எட்டரைக்கு அவளுக்குப் பஸ்."

"அது எப்படிம்மா? ஏற்புரைன்னா என்ன? நாங்க பாராட்டுததை ஏத்துக்கிட்டுப் பேசுதது. நாங்க பாராட்டவே இல்ல, அதுக்குள்ள அவ என்னத்த ஏத்துக்கிடுவா?"

"அப்போ ஏற்புரைங்கிற வார்த்தையை எடுத்துருங்க. வாசிப்புன்னு போடுங்க."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லாம்மா. முதலாளிக்கு முந்திப் பேசினா அவிய என்ன நெனைப்பாவ? அஞ்சரைக்கு ஆரம்பிச்சு ஏழரைக்கு முடிச்சிருவோம். நான் பொறுப்பு."

மாரியம்மன் மேல் சத்தியம் பண்ணாத குறை. கூட்டத்தன்று அவளும் அவள் அம்மாவும் ஐந்து மணிக்கே வந்துவிட்டார்கள். அம்மா ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையில், மைக்குக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். "இங்கன இருந்தா நல்லாக் கேக்கும்லா?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

ஐந்தரை ஆயிற்று, ஆறு ஆயிற்று. முதலாளியின் கார் வரவில்லை. தலைவர் இல்லாமல் எப்படி ஆரம்பிக்க? ஆறே முக்காலுக்கு வந்தார். வந்தவருக்குச் சால்வை, அவரோடு வந்தவருக்குச் சால்வை, முன்னிலைக்குச் சால்வை. ஒவ்வொரு சால்வைக்கும் ஒரு போட்டோ.

பிறகு பேச ஆரம்பித்தார்கள். ஐயோ, அந்தப் பேச்சு. முதலாளி கையில் புத்தகம் இருந்தது, சுற்றியிருந்த கண்ணாடித்தாளைக்கூடப் பிரிக்கவில்லை. அதை மேலே தூக்கித் தூக்கிக் காட்டியபடி, தான் சின்ன வயதில் தீக்குச்சி அடுக்கியது, கடன் வாங்கித் தீப்பெட்டித் தொழிற்சாலை போட்டது, தீப்பிடித்தது, மறுபடி எழுந்தது, வடக்கே லோடு அனுப்பியது என்று தன் வரலாறு பூராவையும் சொன்னார். அடுத்து வந்தவர் முதலாளியின் கொடைத்தன்மையைப் பற்றிப் பேசினார். அதற்கடுத்தவர் கவிஞராம், முதலாளியைப் பற்றித் தான் எழுதிய கவிதையை வாசித்தார். ஒருத்தர் மட்டும் புத்தகத்தைப் பற்றிப் பேசினார். "இந்த அருமையான நாவல்" என்றார். அது சிறுகதைத் தொகுப்பு. அட்டையிலேயே போட்டிருக்கிறது!

அவள் மேடை ஓரத்து நாற்காலியில், மடித்த தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் துண்டுச்சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினேன். பேசிக்கொண்டிருந்தவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னொன்று அனுப்பினேன். அதற்குள் முதலாளி நிறைவாக நாலு வார்த்தை என்று மறுபடி எழுந்து வந்திருந்தார். சீட்டைப் படித்துவிட்டு மைக்கிலேயே சொன்னார்: "நேரம் ஆயிட்டுன்னு சீட்டு வந்திருக்கு. நம்ம ஊர்க்காரங்க நல்ல பேச்சுன்னா விடிய விடியக் கேப்பாங்க, என்ன?"

கை தட்டினார்கள்! அந்தக் கைதட்டலை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. என் கடையில் புத்தகம் வாங்குகிறவர்கள்கூடத் தட்டினார்கள்.

எட்டு மணி தாண்டியதும் அவள் சத்தமில்லாமல் எழுந்து மேடையிலிருந்து இறங்கினாள். அப்போதாவது பேசவிட்டார்களா? "அம்மா, அம்மா, ஒரு நிமிஷம், சால்வை" என்று செயலாளர் ஓடி வந்து நிறுத்தினார். அவளைத் திரும்ப மேடை ஏற்றி, தோளில் சால்வையைப் போட்டு, போட்டோக்காரருக்கு வெளிச்சம் சரியில்லை என்று நகர்த்தி நிறுத்தி, மறுபடி எடுத்து, அதற்கெல்லாம் நேரம் இருந்தது. சால்வையோடு இறங்கி வந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"பரவால்லக்கா. நீங்க என்ன செய்வீக" என்றாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர்களைப் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பினால், உள்ளே மைக்கில் செயலாளர் குரல். "நிகழ்ச்சி நிரல்படி அடுத்து ஏற்புரை. நூலாசிரியர் அவசர வேலையாகச் சென்றுவிட்டபடியால், அவர் சார்பில் நானே ஏற்புரை வழங்குகிறேன்."

எப்படி மேடை ஏறினேன் என்று எனக்கே தெரியாது. அவர் கையிலிருந்த மைக் என் கையில் இருந்தது.

"அவ அவசர வேலையாப் போகல. நீங்க பேசி முடிக்காததால கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போயிருக்கா. அவ சார்புல என்னத்த அண்ணாச்சி ஏத்துக்கிடுதீங்க? இந்தப் புத்தகத்துல ஒரே ஒரு கதை படிச்சவுக இந்த மேடையில யாரு? கையத் தூக்குங்க பார்ப்போம்."

ஒரு கை எழும்பவில்லை.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, இத்தனை வேலைக்கு நடுவுல நான் வந்ததே பெரிசு" என்றார்.

"நீங்க வராம இருந்திருந்தா அவ பேசியிருப்பா."

மைக்கை அணைத்தார்கள். எனக்கு எதற்கு மைக்? எங்கள் ஐயா மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர், அந்தத் தொண்டைதான் எனக்கும். அவர்கள் எல்லோரும் இறங்கிப் போகிற வரைக்கும் பேசினேன். மறுநாள் பஜார் முழுக்க, அந்தக் கடைக்காரிக்கு வாய்த்திமிர் என்றுதான் பேச்சு. ஆமாம், திமிர்தான். சபை மரியாதை தெரியாதவள் என்றார்களாம். எது சபை மரியாதை? எழுதினவள் வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போவதா?

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள். வரமாட்டாள் என்றே பயந்துகொண்டிருந்தேன். வழக்கம்போல அலமாரியில் கையை ஓட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா ஒண்ணும் சொல்லலையாட்டி?"

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

"பஸ்ஸுல கேட்டாக்கா. 'ஏட்டி, இத்தன நாளா ராத்திரி லைட்டப் போட்டுக்கிட்டு அந்த மொதலாளியப் பத்தியா எழுதிக்கிட்டுக் கெடந்த?'ன்னா. எல்லாரும் அவியளப் பத்தியே பேசினாவல்லா. புஸ்தகத்துல அதுதான் இருக்குன்னு நெனச்சிட்டா."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

எவன் கதையை எவள் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான்! மேசையை ஒதுங்க வைக்கக்கூட இல்லை. ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். "நடட்டி" என்றேன். "எங்கக்கா?" என்றாள். "உங்க ஊருக்கு" என்றேன். மத்தியான பஸ்ஸைப் பிடித்தோம்.

அம்மா வாசலில் சாக்கை விரித்து மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்திருக்கப் போனாள்.

"இருங்கம்மா. உங்க மக எழுதினதைக் கேக்கணும் நீங்க."

"அதான் அன்னைக்குக் கேட்டாச்சே தாயி. நல்லாத்தான் பேசினாவ."

"அது இல்ல. இது வேற."

"சரி, வாசிக்கட்டும். என் கை பாட்டுக்கு வேலையப் பார்க்கும்."

மகள் முதலில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். நான் முறைத்ததும் ஆரம்பித்தாள். முதல் விதைப்பு கருகியது, ஊரெல்லாம் மறு விதைப்புக்கு மழை பெய்தது என்று வாசித்துக்கொண்டே போனாள். அம்மா காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். பானையிலிருந்த பாசிப்பயறை அந்தப் பொம்பளை சேலை முந்தியில் கொட்டிக்கொள்கிற இடம் வந்தபோது கை நின்றுவிட்டது. மடியிலிருந்த வத்தல் கீழே விழுந்ததையும் பார்க்கவில்லை. வாசித்து முடித்ததும் அம்மா நிமிர்ந்தாள்.

"எலி திங்கலன்னு ஒனக்குத் தெரியுமாட்டி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரியும்மா. நீ வெதைக்கையில வேலிப்பக்கம் நின்னு பார்த்தேன்."

"அப்போ பசிக்குதுன்னு ஏன் ஒரு நாளும் சொல்லல?"

அம்மா முந்தியால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மிளகாய்க் கை, கண் எரிந்து இன்னும் தண்ணீராகக் கொட்டியது. துடைத்து முடித்ததும் கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

"இத அன்னைக்கு ஏண்டி வாசிக்கல? அத்தன பேரு இருந்தாவளே?"

"கடைசியிலதாம்மா என்னைய விடுவாவ. அதான் முறையாம்."

"யாரு கூட்டம் அது?"

"என் கூட்டந்தான்."

"ஒன் கூட்டத்துல ஒன்ன எவன் விடுதது?" சிதறிக் கிடந்த வத்தலை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அடுத்தாப்புல எப்போ தாயி கூட்டம்? அன்னைக்கு இவ முதல்ல வாசிச்சிரட்டும். வாசிச்சதும் நாங்க எறங்கி பஸ்ஸுக்குப் போயிருதோம். அதுக்குப் பொறவு அவிய பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கட்டும்."