கிழக்கு வாசல் கைடு ரத்னா அக்கா

ரத்னா அக்கா போயிட்டாங்க.

இன்னைக்குக் காலையில, ஆரப்பாளையத்துல அவங்க வீட்டுலயே. தொண்டையில கேன்சர். வீட்டுக்காரர் போன் பண்ணி "தம்பி, முடிஞ்சுருச்சு"ன்னு மட்டும் சொன்னார்.

மீனாட்சி கோயிலுக்கு வந்த நிறைய பேருக்கு அவங்களைத் தெரிஞ்சிருக்கும். கிழக்குக் கோபுர வாசல்ல கைடு. நான் இங்கிலீஷ் குரூப், அவங்க தமிழும் ஹிந்தியும். வருஷக்கணக்கா பக்கத்துல பக்கத்துல நின்னு கத்துன ஆளுங்க நாங்க.

குரல்னா அப்படி ஒரு குரல். மைக் கிடையாது. முகூர்த்த நாள் கூட்டத்துலயும் கடைசியில நிக்கிறவருக்குக் கேக்கும். நான் பேசிட்டு இருக்கிற குரூப்பே சில நேரம் அந்தப் பக்கம் திரும்பிரும்... கடுப்பா இருக்கும்.

ஊர்க் கதையை வெளியில இருந்து உள்ள சொல்லிட்டு வருவாங்க. வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி, கோயிலுக்குள்ள ஆடி வீதி. "மாசத்துக்குள்ளயே நடந்து போற ஊரு எங்க ஊரு"ம்பாங்க.

சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில ஓடுதுன்னு கண்டிப்பா ஒருத்தர் கேப்பார். "நாயக்கர் மகாராசா மாசித் திருவிழாவைச் சித்திரைக்கு மாத்திட்டாரு, தெருப் பேரை மாத்த மறந்துட்டாரு. நாங்களும் அப்பிடியே விட்டுட்டோம்"ன்னு சிரிக்காம சொல்லுவாங்க.

புதுசா கல்யாணம் ஆன ஜோடி மாட்டுனா தொலைஞ்சாங்க. "உங்க வீட்டுல மதுரையா சிதம்பரமா?" மாப்பிள்ளை முழிப்பார், பொண்ணு சிரிக்கும். "அப்ப மதுரைதான், வாங்க உள்ள போவோம்."

ஒரே ஒரு விஷயத்துலதான் எல்லாரோடயும் சண்டை. டில்லிப் படை வந்தப்ப சுவாமி சன்னதியை மறைச்சு சுவர் எழுப்பிட்டாங்க, ரொம்ப வருஷம் கழிச்சு உடைச்சுப் பாத்தா உள்ள விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சுன்னு ஒரு கதை உண்டு. கைடுங்க எல்லாரும் சொல்லுவோம். அந்த இடம் வந்ததும் கூட்டம் தானா கை கூப்பும்.

அக்கா சொல்ல மாட்டாங்க. "அணைஞ்சுதான் கிடந்துருக்கும். எண்ணெய் ஊத்த ஆளில்லாம எம்புட்டு நாளைக்கு எரியும்?"

டிராவல்ஸ்காரர் திட்டிப் பாத்தார். ஒரு பெரிய மனுஷன் பாதியிலயே குரூப்பைக் கூட்டிட்டுப் போயிட்டார். ஒரு விளக்கு எரிஞ்சுட்டுப் போகுது, உங்களுக்கென்னக்கான்னு நானும் கேட்டேன்.

"அணைஞ்சு போனதை வந்து மறுபடி ஏத்துனாய்ங்கல்ல தம்பி... அதான பெருசு. அதை எதுக்கு மறைக்கணும்?"

போன வருஷம் ஆபரேஷன்ல குரல்வளையை எடுத்துட்டாங்க.

பழகினா ஏதோ ஒரு சத்தம் வரும்னு டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டாங்க. திரும்ப வாசல்ல நிக்கணும், ஒரு குரூப்புக்காவது முழுசா சொல்லணும்... வேற ஆசையே இல்லை அவங்களுக்கு. பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு பழகுறாங்கன்னு வீட்டுக்காரர் சொல்லுவார்.

ஒரு நாள் கழுத்துல துண்டைச் சுத்திக்கிட்டு வாசலுக்கு வந்தாங்க. எங்களுக்கெல்லாம் அம்புட்டு சந்தோஷம். டீ வாங்கிக் குடுத்தோம்.

அந்த நேரம் பாத்து ஒரு நாக்பூர் குடும்பம். முன்னாடி அக்காகிட்ட கதை கேட்டவங்க, இப்ப சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. பாத்ததும் "தீதி, தீதி"ன்னு அக்காவைச் சுத்தி நின்னுட்டாங்க. நீங்களே சொல்லுங்கன்னு ஹிந்தியில கேக்குறாங்க.

அக்கா கோபுரத்தைக் கைகாட்டி வாயைத் திறந்தாங்க. காத்துதான் வந்துச்சு. கழுத்து நரம்பெல்லாம் புடைக்க இன்னொரு தடவை... அதுவும் காத்துதான்.

அந்தக் குடும்பத்துப் பெரியம்மாவுக்கு அப்பதான் புரிஞ்சது. அக்காவோட கையை எடுத்துத் தன் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. என் ஓட்டை ஹிந்தியை வச்சுக்கிட்டு நான்தான் அவங்களை உள்ள கூட்டிட்டுப் போனேன். திரும்பி வந்தப்ப அக்கா இல்லை. அதுக்கப்புறம் வாசல் பக்கமே வரலை.

வியாதி திரும்பிருச்சு. போன வாரம் பாக்கப் போனேன். கோயில் கதையையே சொன்னேன். சுவரை உடைச்சாங்க, உள்ள போனாங்க, விளக்கு அணைஞ்சு கிடந்துச்சுன்னு அவங்க சொல்ற மாதிரியே சொன்னேன்.

வேணாம்னு கையை ஆட்டுனாங்க. விரல் அஞ்சையும் குவிச்சு நிமித்திக் காட்டுனாங்க. சுடர்.

"எரிஞ்சுச்சாக்கா?"

தலையாட்டுனாங்க.

சரி, எரிஞ்சுச்சுன்னு சொன்னேன். பூ வாடலை, சந்தனம் காயலை, எல்லாத்தையும் சேர்த்துச் சொன்னேன். கண்ணை எடுக்காம கேட்டாங்க. நான் நம்பிச் சொல்லலை. அவங்களும் நம்பிக் கேட்ட மாதிரி தெரியலை.

கமெண்ட்ல யாரும் "அவர் குரல் என்றும் ஒலிக்கும்"னு எழுதாதீங்க, ப்ளீஸ். ஒலிக்காது. எங்க யார்கிட்டயும் ஒரு ரெக்கார்டிங் கூட இல்லை. தினமும் பக்கத்துல கேக்குறதை எவன் ரெக்கார்ட் பண்ணுவான்.

சாயங்காலம் தத்தனேரி சுடுகாட்டுக்கு எடுக்குறாங்க. தெரிஞ்சவங்க வாங்க.

போயிட்டு வாங்கன்னு சொல்ல வாய் வரலைக்கா.

போங்க.