நானும் ஒரு டாங்கிதானாம்

இன்று ஆவடி ஜெராக்ஸ் கடையில் என் பெயரை "வைஜயந்தி" என்று தட்டிவிட்டார் கடைக்காரர்.

"விஜயந்தா, அண்ணா. வெற்றின்னு அர்த்தம்."

"இன்னாக்கா, இப்டிகூடவா பேர் கீது?"

பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்தார். "உங்கப்பா டாங்கி ஃபேக்டரியாம்மா? விஜயந்தா நாங்க அங்க ராணுவத்துக்குச் செஞ்ச டாங்கியாச்சே!"

இத்தனை வருடமாக அதைச் சமஸ்கிருதப் பெயர் என்று சொல்லித் திரிந்தவள் நான். அங்கேயே அப்பாவுக்கு போன் போட்டேன்.

"சமஸ்கிருதம்தாம்மா. ஆனா டாங்கியப் பார்த்துதான் வச்சேன். என்ன கம்பீரமா இருக்கும் தெரியுமா?"

கோபப்படுவதா, பெருமைப்படுவதா, புரியவில்லை.

"அப்போ தம்பிக்கு அர்ஜுன்னு வச்சது?"

"அது அடுத்த டாங்கி."

மகாபாரத அர்ஜுனன் நினைப்பிலேயே வாழும் அவனிடம் இதை யார் போய்ச் சொல்வது?