எட்டப் பிடித்த புத்தகம்

போன மாதம் ஈப்போவில் ஒரு கண்ணாடிக் கடையில் நான் போட்ட சத்தத்தில், பக்கத்துக் கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமில்லை. இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

என் அக்கா ரோசலின் ஈப்போவிலேயே சிலிபின் வட்டாரத்தில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். பேரன் கைப்பேசியில் அனுப்புகிறதைப் படிக்க முடியவில்லை, இப்போது டிவியும் மங்கலாகிவிட்டது என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். இழுத்துக்கொண்டு போனேன். கண் பார்க்கும் கருவியில் மோவாயை வைத்து அவள் குனிந்தபோது நெற்றியிலிருந்து தைல வாடை அடித்தது. அக்காவின் வாசனையே அதுதான். சின்ன வயதிலிருந்தே ஓயாத தலைவலிக்காரி.

கடையில் இருந்த தமிழ்ப் பெண், "சின்னதுல கண்ணாடி போட்டிருந்தீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கு எதுக்குலா கண்ணாடி? என் கண்ணு கழுகுக் கண்ணு," என்றாள் அக்கா.

"இது வயசுனால மட்டும் வந்த பவர் இல்லக்கா. பிளஸ் ரொம்ப அதிகம். தூரப்பார்வை. பொறந்ததுலேர்ந்தே இருந்திருக்கும். பிள்ளைங்க கண்ணு இழுத்துப் பிடிச்சுச் சமாளிச்சிடும், எட்டத்துல இருக்கிறது பளிச்சுன்னு தெரியும். புத்தகத்தை எடுத்தாதான் எழுத்து கலையும், தலை வலிக்கும், தண்ணி வடியும். நிறைய பேரு அந்தப் பிள்ளைங்களச் சோம்பேறின்னு நினைச்சிடுறாங்க."

சோம்பேறி. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், அங்கே அம்மா பாலுக்காகப் பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டினாள் என்று அர்த்தம், வேறொன்றுமில்லை. அந்தத் தோட்டத்தில் அக்காவின் கண்ணுக்குப் பெரிய பேர். மரம் வெட்டும் பெண்கள் வேலை நடுவில் கொஞ்சம் உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள். பள்ளி விடுமுறை என்றால் அக்காவை மேட்டில் காவல் நிறுத்திவிடுவார்கள். வேலையை மேற்பார்க்க வரும் கிராணியின் மோட்டார்சைக்கிள் தூரத்து வளைவில் புள்ளியாகத் தெரியும்போதே, "கிராணி வாராரு!" என்று குரல் கொடுப்பாள். பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்றும் சேர்த்துச் சொல்வாள். இப்படிப்பட்ட கண்ணில் கோளாறு என்று அந்த ஊரில் யாருக்குத் தோன்றும்?

நானோ, வேலியோரம் நின்ற பசுவுக்கு "தோத்திரம் ஆண்ட்டி" சொல்லிவிட்டு வந்த ஆள்.

தோட்டத்துப் பள்ளியில் சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, எட்ட நிறுத்திக் கண் பார்ப்பார்கள். நான் முதல் வரியிலேயே திக்கித் திணறினேன். உடனே எனக்குக் கண்ணாடி கிடைத்தது, முன் பெஞ்சு கிடைத்தது, 'பாவம், கண்ணு தெரியாத பிள்ளை' என்று பரிவும் கிடைத்தது. அக்கா கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதோடு அவள் கதை முடிந்தது. "தங்கச்சி கண்ணு தெரியாமலே நல்லா படிக்குது. உனக்குக் கண்ணு இருந்தும் மண்டைல களிமண்ணு. மக்கு!" என்பார் வாத்தியார். பிரம்படி வேறு.

ஞாயிற்றுக்கிழமை சபையில் பிள்ளைகள் முறை வைத்து வேதம் வாசிக்க வேண்டும். அக்கா புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிப்பாள். "வேதத்தை எப்படிப் பிடிக்கிறா பாரு, எவ்வளவு திமிரு!" என்று சபைப் பெரியவர் ஒருவர் அம்மாவிடம் வத்தி வைத்தார். அம்மா வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை அக்காவின் மூக்குக்கு நேரே நீட்டி, "இப்பப் படிடீ!" என்றாள். அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது. நடிக்கிறாள் என்று முதுகில் ஒன்று விழுந்தது. அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை என்று நான் இங்கே எழுத வேண்டும், அதுதான் வழக்கம். எழுத மாட்டேன். அவள் மேலும் எனக்குக் கோபம்தான்.

உண்மையில் படிக்க ஆசைப்பட்டவள் அக்காதான். என் பாடத்தை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவாள், எனக்கு முன்னால். அவளை ஆறாம் வகுப்போடு நிறுத்திப் பால்வாளியைக் கையில் கொடுத்தார்கள். நான் படித்து ஈப்போவுக்கு ஆபீஸ் வேலைக்கு வந்துவிட்டேன். அவள் தோட்டம் மூடும்வரை மரம் வெட்டினாள்.

இதெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள்: "பிள்ளைங்களுக்குக் கண்ணுல சொட்டு மருந்து விட்டுப் பார்த்தா சரியா தெரிஞ்சிடும்லா. ஒரு கண்ணாடி போட்டா போதும்."

"சொட்டு மருந்தா? ஒரு சொட்டு மருந்தா?" என்று ஆரம்பித்தவள்தான் நான். அப்புறம் என்னென்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. பாவம் அந்தப் பெண், அவள் என்ன செய்வாள்.

கண்ணாடி வந்தது. தரை மேடாகத் தெரிகிறது என்று அக்கா கழற்றிக் கழற்றி வைத்தாள். பழகும்வரை கழற்றக் கூடாது என்று நான் விரட்டினேன். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால், பேப்பரை மடியில் விரித்து மரண அறிவிப்பு வரைக்கும் படித்து முடித்திருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்ப நான் மக்கு இல்லையாடீ?"

பேரப்பிள்ளை எடுத்தவள் கேட்கிறாள்!

"இல்லக்கா. அவனுங்கதான் மக்கு."

பேப்பரை மடித்து வைத்தாள். பிறகு, "தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போலாம், காரை எடு," என்றாள். அவளுக்கு இப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. எடுத்தேன்.

பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை. சபை இருந்த இடத்தில் செம்பனை. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் எங்கே இருந்தன என்று எங்களால் சொல்லவே முடியவில்லை. அக்கா இறங்கிப்போய் அந்த மரங்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"வாத்தியாரே! நான் மக்கு இல்ல! கேக்குதா?"

குலை வெட்டிக்கொண்டிருந்த இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர் பயந்துபோய் ஓடி வந்தார். யாரைத் தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார்.

அக்காவும் மலாயிலேயே சொன்னாள், ஒருவரும் இல்லை தம்பி, எல்லாரும் முடிந்துபோனார்கள் என்று.