சபேசண்ணை இரண்டு தரம் கேட்டார்

செய்தி வந்தபோது நான் பாரிஸ் லா ஷப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சபேசண்ணையின் மனைவி வதனி அக்காதான் தொலைபேசியில் அழைத்தார். அண்ணை மலையில் பனிச்சரிவில் அகப்பட்டுவிட்டார், வெளியே எடுத்தபோது உயிர் இல்லை என்றார். "அப்பிடியோ" என்றேன். முருங்கைக்காயை நிறுக்கக் கொடுத்து, பையை வாங்கிக்கொண்டு, ரூ பிலிப்-து-ஜிரார் தெரு வழியே வழக்கம்போல நடந்தேன். அண்ணையின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வரவில்லை.

உங்களில் பலர் அவரைக் கொத்துரொட்டி போடும் சபேசனாகத்தான் அறிவீர்கள். அதற்கு முன் ஆல்ப்ஸில் ஒரு பனிச்சறுக்கு விடுதியின் குசினியில் ஒன்பது குளிர்காலம் கோப்பை கழுவியவர். லீவு நாட்களில் அங்கிருந்த மீட்புப் பணியாளர்களின் பின்னால் திரிந்து, லிப்ட் இல்லாத மலைகளில் ஏறிச் சறுக்கப் பழகினார். பாரிசுக்கு வந்தும் அந்த விசர் விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பனிச்சரிவு அறிக்கையை அச்செடுத்து, தான் கொத்துப் போடும் உணவகத்தில் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவார். வாடகை வீட்டு விளம்பரம் என்று நினைத்து அதில் தொலைபேசி இலக்கம் தேடிய சனமும் உண்டு. ஆபத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை எண் போட்டிருக்கும். "நாலெண்டால் சனம் பயந்து வீட்டிலை நிக்கும். மூண்டுதான் ஆளைக் கொல்லும்" என்பார்.

ஒருமுறை என்னையும் ஸ்தேன் புறநகரில் இருக்கும் நண்பன் ரூபனையும் கூட்டிப்போனார். மூன்று மணித்தியாலம் ஏறினோம். கடைசிச் சரிவின் அடியில் சவலால் பனியைத் தோண்டி, ஒரு தூண்போல வெட்டி, மேலே சவலை வைத்துக் கையால் தட்டினார். மேல்தட்டு அப்படியே வழுகி அவர் மடியில் விழுந்தது. அதற்குக் கீழே இருந்த பனி சீனிபோல உதிரியாகக் கிடந்தது. காற்று கொண்டுவந்து இறுக்கிய தட்டு, உதிரிப் பனியில் ஒட்டாது என்றார். திரும்பினோம். அந்த நேரம் பார்த்து ஒரு பிரெஞ்சுக் கூட்டம் அதே சரிவில் ஏறி, கூவிக்கொண்டு சறுக்கி இறங்கியது. அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கார் வரைக்கும் புறுபுறுத்துக்கொண்டே வந்தேன். அவர் ரோல்ஸைக் கடித்தபடி சொன்னார்: "அவையள் தப்பினவை. தப்பினதும் சரியாய் முடிவெடுத்ததும் ஒண்டில்லை, அன்ரன்."

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. வெளிக்கிடும்போது எவராவது ஒருவர் 'வேண்டாம்' என்றால் எல்லோரும் நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. எங்கள் ஆட்களுக்கு அது சரிவராத சட்டம். போகிற நேரத்தில் தடைச்சொல் சொல்வது அபசகுனம் அல்லவா? வதனி அக்காவும் அதற்காக அவரை ஏசியிருக்கிறார். "மலைக்குப் போகேக்கை தடைச்சொல்லுத்தான் நல்ல சகுனம். வாயைத் திறவுங்கோ" என்பார் அவர். நாங்கள் சிரிப்போம். அத்தனை குளிர்காலத்திலும் நானோ ரூபனோ ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. அந்த வேலையை அவரிடமே விட்டுவிட்டோம்.

கடைசித் தடவை முழங்கால் நோவால் நான் போகவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் தன் வீட்டு வாசலில் நின்று எனக்குத் தொலைபேசி எடுத்தார். பல வருடமாக ஆசைப்பட்ட சரிவு. அறிக்கை என் கையில் திறந்திருந்தது: மூன்று. மேற்குக் காற்று, கிழக்குச் சரிவுகளில் கவனம். அவர் போகும் சரிவு கிழக்கு பார்த்தது.

"நீ என்ன சொல்லுறாய்?" என்று கேட்டார்.

அவருக்குத் தெரியாததா என்றேன்.

"இல்லை, நீ என்ன சொல்லுறாய்?"

நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போகிறவன். சகுனம் பார்ப்பதில்லை என்று பெருமையடிப்பவன். அப்படியிருந்தும், வெளிக்கிட்டு நிற்கிற மனிசனுக்கு எப்படி அந்தச் சொல்லைச் சொல்வது என்று நாக்கு எழும்பவில்லை. "பத்திரமாய்ப் போட்டு வாங்கோ அண்ணை" என்றேன். அவருக்கே சந்தேகம் இருந்ததால்தான் கேட்டிருக்கிறார். எனக்கு அது இப்போதுதான் விளங்குகிறது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு அன்று வதனி அக்காவிடம் இதைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். "எனக்கும் மனம் சரியில்லைத்தான். திருநீறு பூசி அனுப்பினன்" என்றார். பக்கத்தில் ரூபன் இருந்தான். கூடப் போய், அவரைத் தோண்டி எடுத்தவன் அவன். சரிவின் அடியில் அவனிடமும் கேட்டாராம். "நீங்கள் சொன்னால் சரி அண்ணை" என்றானாம். எங்கள் மூவரின் முன்னாலும் தேத்தண்ணி ஆறிப்போனது.

போன கிழமை ரூபன் அழைத்தான். அண்ணை விழுந்த இடத்தில் பூ வைத்துவிட்டு வரலாம், சனிக்கிழமை வெளிக்கிடுவோம் என்றான். அறிக்கையைப் பார்த்தேன். மூன்று.

வேண்டாம் என்றேன். அவன் காரணம் கேட்கவில்லை.

அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு சொல்தான். அது என் வாயில் வருவதற்கு அவர் சாக வேண்டியிருந்தது.